போர் தண்ணீரில் கழுவிய மணல்

வீட்டுப் படியை விட்டு இறங்கினாலே மணலாக இருக்கிற ஊரில், ஒரு பை மணல் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, என் கணவர் எதற்காகச் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போய் எடுத்துவந்தார்?

அவரிடமே கேட்கலாம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதுவரை கேட்கவில்லை. கேட்டுவிடுவது என்று வாயெடுத்து, குழந்தைக்குச் சளி மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டு முடித்த நாட்கள் உண்டு.

மணல் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் பொம்மைக்கு. பொம்மை என்று சொன்னால் எங்கள் குழுவில் கோபித்துக்கொள்வார்கள். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். மீஞ்சூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பலகை. நாலடி நீளம், இரண்டடி அகலம், கீழே நான்கு கால்கள். பலகையின் மேல் சிறிய தண்டவாளம் பதித்து, அதைச் சுற்றி அவரவருக்குப் பிடித்ததைச் செய்துகொள்ளலாம். ஒருவர் நெல்வயல் செய்திருக்கிறார். இன்னொருவர் நிலக்கரி வேகன்கள் நிற்கிற யார்டு. எல்லாப் பலகைகளையும் வரிசையாக வைத்துப் போல்ட் போட்டு முடுக்கினால் ஒரே ரயில் பாதை ஆகிவிடும். கையகல எஞ்சின் வயலைக் கடந்து, யார்டுக்குள் புகுந்து, யாரோ ஒருவருடைய ஸ்டேஷனில் நின்று, மீண்டும் கிளம்பும்.

விதி என்று பார்த்தால் ஒன்றுதான். பலகையின் நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டு ஓரங்கள் மட்டும் நம்முடையவை அல்ல. ஓரத்தில் தண்டவாளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது எல்லாருக்கும் ஒரே அளவு. ஒரு நூல் பிசகினால் பக்கத்துப் பலகையோடு சேராது. எனக்கு இந்த விதி பிடித்திருந்தது. எதை எந்த அளவில் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குப் பாதி பயம் குறைந்துவிடும்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் பிறந்தது ஆண் குழந்தை. பொன்னேரியில் ஒரு மருத்துவமனையில் காலையில் பிறந்தான். மறுநாள் இல்லை. என் கணவரும் அவருடைய சித்தப்பாவும் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் அவ்வளவு சிறிய குழந்தையை எரிப்பதில்லை. மணலில் புதைத்துவிட்டு வருவார்கள். கல் நடுவதில்லை, காரியம் செய்வதில்லை, பெண்கள் போவதில்லை. நான் கட்டிலில் இருந்தேன், அதனால் போவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் என்று வராந்தாவில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. பேசினால் அடுத்த குழந்தைக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை.

நான் அழவில்லை. தைரியமான பெண் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அது தைரியமா என்று எனக்குத் தெரியாது. பால் கட்டிக்கொண்டதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறாமல் போட்டுக்கொண்டேன். மீஞ்சூரில் ஓர் ஆடிட்டரிடம் பார்த்துவந்த வேலைக்கு அதன் பிறகு திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதற்கு அப்போது ஏதோ காரணம் சொன்னேன், இப்போது நினைவில்லை.

அடுத்து மகள் பிறந்தாள். இப்போது மூன்று வயது. நன்றாக இருக்கிறாள். அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இருமினால் ஒரு பயம், இருமாவிட்டால் இன்னொரு பயம். மருத்துவர் ஐந்து மில்லி என்று எழுதிக் கொடுத்தால் ஐந்துதானா என்று போன் செய்து கேட்பேன். அவர்களுக்கு என் குரல் தெரியும்.

மகளுக்கு வாங்கிய பேட்டரி ரயில் ஓடாமல் போனபோதுதான் இதெல்லாம் தொடங்கியது. மீஞ்சூரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் திறந்து பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"பேட்டரி ஊத்திக்கிச்சுமா. இது அவ்ளோதான். புதுசா வாங்கிக்கோ."

மகள் அழத் தயாரானாள். அவர் கல்லாப் பக்கம் குனிந்து ஒரு சுவிட்சைத் தட்டினார். கண்ணாடி மேஜைக்குள், பழைய போன்களுக்கும் சார்ஜர்களுக்கும் நடுவே, விரல் தடிமனில் ஒரு ரயில் வளைந்து வந்தது. எங்கள் லைனில் ஓடுகிற மின்சார ரயிலின் அதே நிறம்.

"இன்னா பாப்பா, ஓட்டறியா?"

அவள் ஓட்டினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் ஒன்றைக் கவனித்தேன். அந்த நேரம் முழுக்க நான் எதற்கும் பயந்திருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஆனால் அந்த ஒன்றும் இல்லாததற்குள் பயமும் இல்லை.

அந்த அண்ணன் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் நானும் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் மாமியார் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆபீசு வேலைய உட்டுட்டு வூட்ல கீறவ, இப்ப ரயிலு உடப் போறாளாம்."

மாமனார் பழவேற்காடு ஏரியில் வலை கட்டுகிறவர். அவருக்கு விஷயம் சரியாகத் தெரிய வேண்டும். "அந்த ரயில யாரு ஓட்டறது? எல்லாரும் ஒண்ணாவா?"

"மொற வெச்சு, மாமா. சீட்டு குலுக்கிப் போட்டு யாரு மொதல்ல, யாரு அப்பாலன்னு எடுப்பாங்களாம்."

"அப்ப பாடுன்னு சொல்லு." ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைப்பதை எங்கள் ஊரில் பாடு என்பார்கள். அவர் மாமியார் பக்கம் திரும்பினார். "போவட்டும் உடு. பாடு கெடச்சத எவனாச்சும் உடுவானா?"

என் கணவர் சிரித்தார். "நம்ம வம்சத்துல மொத பாடு ரயில்ல தான் போலக்குது, நைனா. எனக்கு ஏரிலயும் இல்ல."

அவர் கடல்நீரில் உப்பை நீக்கிக் குடிநீராக்குகிற ஓர் ஆலையில் ஷிப்டு வேலை செய்கிறார். அதனால் ஏரியில் அவருக்கு முறை இல்லை. அன்றைக்கு அவர் சிரித்தது நினைவிருக்கிறது, ஏனென்றால் அதிகம் சிரிக்கிறவர் அல்ல.

குழுவின் தலைவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். என் பலகையில் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். எங்கள் ஊர்க் கரையைச் செய்கிறேன் என்றேன்.

"உங்க ஊருக்கு ரயிலே கெடையாதேம்மா."

"ஆமா சார்."

"சரி. நானே சாங்ஷன் பண்ணிட்டேன்." பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாக, "பழவேற்காட்டுக்கு ரயில் உட்டாச்சுப்பா! இனிமே பொன்னேரி பஸ்ஸுக்கு யாரும் ஓட வேணாம்!"

ஓடியிருக்கிறோம், அந்த பஸ்ஸுக்கு. எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் வீடு இருக்கிற கோட்டைக்குப்பத்துக் கரையைத்தான் செய்தேன். ஏரிக்குக் கண்ணாடி போல் உறைகிற பசையை ஊற்றினேன்; உறைவதற்குள் ஒரு கொசு விழுந்துவிட்டது, எடுக்க முடியவில்லை. மூங்கில் குச்சியைச் சீவிப் படகு. கொசுவலையை வெட்டி மீன்வலை. கண்காட்சிக்கு வருகிறவர்கள் பூநாரையைத் தேடுவார்கள், நாலு வை என்று சார் சொன்னார். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைக்கவில்லை. மனிதர்களும் இல்லை. சிறிய மனித பொம்மைகள் பாக்கெட்டில் கிடைக்கின்றன, கடைக்கார அண்ணன் எனக்கு ஒரு பாக்கெட் கொடுத்தும் இருந்தார். எங்கே நிறுத்தினாலும் தவறாகப் பட்டது. திரும்பவும் பாக்கெட்டிலேயே போட்டுவிட்டேன்.

கரைக்கும், தண்டவாளத்துக்கு நடுவிலும் போட மணல் வேண்டியிருந்தது. மற்றவர்கள் கடையில் விற்கிற பொடிக்கல்லை வாங்கித் தூவுவார்கள். ஏரிக்கரையில் இருந்துகொண்டு மணலுக்கு எதற்குக் கடை என்று நினைத்தேன். கணவரிடம் சொன்னேன்.

"இன்னா மணலு?"

"நைசா இருக்கணும். கிளிஞ்சல் தூளு கலக்காம."

ஷிப்டு முடிந்து வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நன்றாக இருட்டுவதற்குள் துணிக்கடைக் கட்டைப்பையில் பாதி மணலோடு வந்தார். கையில் அள்ளிப் பார்த்தேன். மாவு மாதிரி இருந்தது.

"எங்க எடுத்தீங்க?"

"தோ, அங்கதான்." மோவாயை அசைத்தார். அந்தத் திசையில் எங்கள் ஊரே இருக்கிறது.

கழுவாமல் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். உப்பு இருக்கும் என்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பிளாஸ்டிக் பேசினில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, வடித்து, மறுபடி விட்டு, மூன்று முறை கழுவினேன். மகள் கூடவே உட்கார்ந்து கையை விட்டுக் கலக்கினாள். வாயில் வைத்துவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடித்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன். வெயிலில் பழைய சேலை விரித்துக் காயவைத்தேன்.

கழுவியது வீட்டு ஆழ்துளைக் குழாயில் வருகிற போர் தண்ணீரில். எங்கள் வீட்டில் பாத்திரம், துணி, குளியல் எல்லாம் போர் தண்ணீரில்தான். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கேன். கேன் தண்ணீரை எடுத்து மணலில் ஊற்றுவது என்று ஒன்று என் புத்தியில் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குளித்தால் முடி சிக்குப் பிடிக்கும். அதில் உப்பு இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். அது தெரியும், மணலில் உப்பு போக வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, மகளின் மருந்து ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு மணலை ஒட்டினேன். (ஃபில்லரை அப்புறம் தூக்கி எறிந்துவிட்டேன். புதிது வாங்கினேன்.) அது கோடைக்காலம். ஈரமில்லாத நிலத்துக் காற்று அடித்தது. பலகை காய்ந்து, நிறம் சரியாக எங்கள் கரை நிறம். மாடியில் மற்றப் பலகைகளோடு சேர்த்து ஓட்டியபோது ரயில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சார் என் பலகையைத் தட்டிக்கொடுத்தார்.

மழைக்காலம் முடிகிற சமயம், அரையாண்டு விடுமுறையில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தோம். வெளியே தூறல், உள்ளே ஈரத் தரை, ஈரக் குடைகள், ஏகப்பட்ட பிள்ளைகள். பலகைகளைச் சேர்த்து, கால்களின் திருகைத் திருகி மட்டம் பார்த்து, போல்ட் முடுக்கி ஆயிற்று. வயலில் கிளம்பிய ரயில் யார்டைத் தாண்டி என் பலகைக்குள் வந்தது. படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ரயிலை ஓட்டுகிற கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

விரலால் தள்ளினார்கள். தண்டவாளத்தைத் துணியால் துடைத்தார்கள். மறுபடி சிவப்பு விளக்கு. எல்லாப் பலகைக்கும் ஒரே மின்சாரம்தான் ஓடுகிறது. ஒன்றில் கோளாறு என்றால் முழு லைனும் செத்துவிடும். எதில் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பலகையாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டேஷனைக் கழற்றினார்கள், விளக்கு அணையவில்லை. வயலைக் கழற்றினார்கள், அணையவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என்னுடையதைக் கழற்றியதும் அணைந்தது.

கடைக்கார அண்ணன் மீட்டரை எடுத்து என் தண்டவாளத்தின் இரண்டு கம்பியிலும் வைத்தார். "லீக் ஆவுது சார். நடுவுல மணலு ஈரத்த இழுத்துக்கிச்சு, அதுலயே கரண்ட்டு பாயுது." தண்டவாள இணைப்புகளில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. கோடையில் அது இல்லை.

சார் விரலை மணலில் அழுத்தி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கழுவலயாம்மா?"

"மூணு தடவ கழுவுனேன் சார்."

"எந்தத் தண்ணில?"

"போர் தண்ணி."

சார் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். அண்ணன்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "உப்ப உப்புல கழுவிக்கிது சார், தங்கச்சி!"

"வூட்டுக்காரரு உப்பு எடுக்கற கம்பெனில தானம்மா வேலை செய்யறாரு," என்றார் சார். "ஒரு கேனு தண்ணி கேட்டா குடுக்க மாட்டேன்னுட்டாரா?"

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் அது. என் பலகையை இரண்டு பேர் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். யார்டையும் ஸ்டேஷனையும் நகர்த்திச் சேர்த்தார்கள். எல்லா ஓரமும் ஒரே அளவு என்பதால் கச்சிதமாகச் சேர்ந்தது. சற்று நேரத்தில் ரயில் ஓடியது. இடையில் ஒரு பலகை இருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மகள் என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நம்ம ஊரு ஏன் செவுத்தாண்ட நிக்கிது?"

"உடம்பு சரியில்ல," என்றேன். அவளுக்குப் புரிகிற காரணம் அதுதான்.

பொங்கல் முடிந்து இன்னொரு கண்காட்சி இருக்கிறது. புறப்படும்போது சார் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அதுக்குள்ள மணல் பூராத்தையும் சொரண்டி எட்த்துடு. பொடிக்கல்லு நான் தர்றேன். கசியற பலகைய லைன்ல சேக்க முடியாதும்மா. என்னுதா இருந்தாலும் அதான் ரூல்."

"சரி சார்," என்றேன். வருத்தமில்லை. சொன்னதைச் செய்வது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். பலகையைக் கூடத்தில் சாய்த்து வைத்து, வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுப் பசையை இளக்கி, பழைய டூத்பிரஷ்ஷாலும் ஸ்க்ரூடிரைவராலும் சுரண்டினேன். ஓர் ஓரத்தில் தண்டவாளத்துக்கு நடுவே ஒரு சாண் நீளம் வந்திருக்கும். சுரண்டியது ஒரு செய்தித்தாளில் ஈரமாகக் குவிந்திருந்தது. மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியான ஷிப்டு இல்லாததால் கணவர் கடைக்குப் போய்விட்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா பண்ற?"

நடந்ததைச் சொன்னேன். போர் தண்ணீர் கதையைச் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேப்பரில் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத இன்னா செய்யப் போற?"

"வெளிய கொட்டறதுதான்."

"கொட்டாத. ஒரு டப்பால போட்டு வை."

"ஏன்?"

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார். உருளைக்கிழங்கு ஒன்று உருண்டு போனது, எடுத்துத் திரும்பப் போட்டார். "அது தோப்புக்கு அந்தாண்ட எட்த்தது," என்றார்.

"ஓ," என்றேன்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய் அணைத்தேன். மகளின் சத்துமாவு டப்பா ஒன்று காலியாக இருந்தது, அதைத் துடைத்து, பேப்பரில் இருந்ததை அதில் போட்டு மூடினேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு டீ குடித்தார். வெங்காய விலையைப் பற்றிப் பேசினோம். அதற்கு மேல் இன்றுவரை நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். அழுகை, கோபம், ஏதோ ஒன்று. தோன்றவில்லை. சில விஷயங்கள் மட்டும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மூன்று முறை கழுவினேன். வடித்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன். அந்தக் கீரையைப் பொரியல் செய்திருக்கிறேன். மகள் அந்த மணலில் கையை விட்டு அளைந்தாள். அவளை நான் தடுக்கவில்லை, வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

நைசான மணல் வேண்டும் என்று கேட்டது நான்தான். ஒரு நாள் வேறு பேச்சின் நடுவே மாமனாரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"மாமா, நம்ம பக்கம் நல்ல நைசு மணலு எங்க கெடைக்கும்?"

"தோப்புக்கு அந்தாண்டதான். காத்து சலிச்சுப் போட்டுக்கும். ஏன், இன்னும் வேணுமா? நான் அள்ளியாந்து தர்றேன்."

"வேணாம் மாமா. சும்மா கேட்டேன்."

அப்படியானால் அதில் ஒன்றுமே இல்லை. கேட்ட பொருள் எங்கே கிடைக்குமோ அங்கே போய் எடுத்துவந்தார். அப்படியே இருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கவனித்துவருகிறேன். மகன் போனதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. கடற்கரைக் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் தோப்பு வழியாக நடக்கும்போது அவர் மட்டும் வண்டியில் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் ஒரு கட்டைப்பையை எடுத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறார். குனிந்து அள்ளியிருக்கிறார். நான் போகாத இடத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று நினைத்தாரா? சொல்லத் தெரியாமல் அப்படிச் செய்தாரா? அல்லது நல்ல மணல் எது என்று மட்டும் யோசித்துப் போய், அங்கே போன பிறகுதான் இடம் நினைவுக்கு வந்ததா? கேட்டால் சொல்லிவிடுவார், பொய் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் கேட்கத் தயங்குகிறேன். மணலுக்காகத்தான் போனேன் என்றால் அதை என்ன செய்வது, வேண்டுமென்றேதான் எடுத்துவந்தேன் என்றால் அதை என்ன செய்வது, இரண்டும் எனக்குத் தெரியவில்லை.

பலகை இப்போது கூடத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒரு சாண் வெறும் மரம் தெரிகிறது, மீதி மணல். அதன் பிறகு ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. மாமியார் தினமும் பெருக்கும்போது, "இத்த ஒரு ஓரமா வையேம்மா, கால்ல இடிக்கிது," என்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் அதன் முன் உட்கார்ந்து, கொசு விழுந்த ஏரியைத் தடவிக்கொண்டு, "ஒடம்பு சரியாயிடுச்சா?" என்று கேட்கிறாள்.

சுரண்டாவிட்டால் என் பலகை வரிசையில் சேராது. சேராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போகலாம், மற்றவர்களுடைய ரயிலைப் பார்க்கலாம், யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மாடியில் நான் பயமில்லாமல் இருப்பது, என் பலகையின் இரண்டு ஓரமும் அடுத்தவர் பலகையில் சரியாகச் சேர்ந்திருக்கிற அந்த நேரத்தில்தான். வெறுமனே போய் நிற்பதில் அது கிடைக்கவில்லை; போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். சுரண்டினால் எல்லாம் சரியாகிவிடும். அந்த மணல் டப்பாவுக்குப் போய்விடும்.

வேறு வழி உண்டா என்றும் விசாரித்தேன். காரணத்தைச் சொல்லவில்லை, சுரண்ட மனம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். கடைக்கார அண்ணன், "மேல வார்னிஷ் அடிச்சுடு, ஈரம் உள்ள போவாது," என்றார். சார் ஒப்புக்கொள்ளவில்லை, உள்ளே இருக்கிற உப்பு உள்ளேயே இருந்து கம்பியைத் தின்னும் என்கிறார். தண்டவாளத்துக்கு நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுக் கரை மணலை அப்படியே விட்டுவிடலாம் என்று நானே யோசித்தேன். அது சரியாக வரும் என்றுதான் தோன்றுகிறது. பிறகு, பாதியை வைத்துக்கொண்டு பாதியை எடுப்பது எப்படிச் சரி என்றும் தோன்றுகிறது. இதற்குச் சரி தவறு ஏது என்று மறுபடி தோன்றுகிறது. இப்படியே நாள் போகிறது.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒட்டிய மணலைப் பெயர்க்காமல் அதிலிருக்கிற உப்பை மட்டும் எடுக்க முடியுமா என்று சொல்லுங்கள். நல்ல தண்ணீரை மெதுவாகச் சொட்டவிட்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் போகுமா? இந்த முறை கேன் தண்ணீரையே ஊற்றுகிறேன்.

ரயிலைப் பற்றித் தெரியாதவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சத்துமாவு டப்பாவைச் சமையலறை மேல் தட்டில், மகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். அதை அங்கேயே வைத்திருக்கலாமா? எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட வேண்டுமென்றால் அதை அவர் செய்ய வேண்டுமா, நான் போகலாமா? எதற்காக அங்கே போனீர்கள் என்று அவரிடம் கேட்டுவிடுவது நல்லதா, கேட்காமல் இருப்பது நல்லதா? உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொங்கலுக்குள் சொன்னால் நல்லது.